நுரைக்குப் பதினேழு காரணங்கள்

"வெறும் நுரைதாம்மா வருது," என்றார் தணிகாசலம்.

ஜெசிந்தா கருவிப் பையை கராஜ் தரையில் வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"வந்த நாள்லேர்ந்து."

"அப்ப அது பழகியிருக்குமே, அண்ணாச்சி."

தணிகாசலம் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மெல்பர்னின் மேற்கே ஒரு புறநகரில் அவர் வீடு. கராஜில் காருக்குப் பதிலாக ஒரு பழைய ஃபிரிட்ஜ் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதன் கதவில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய், குழாய்க்கு ஒரு கறுப்புக் கைப்பிடி. உள்ளே பீர் பீப்பாய். பக்கத்தில் காஸ் சிலிண்டர். பீப்பாயிலிருந்து குழாய் வரை ஒரு மெல்லிய ட்யூப். அவ்வளவுதான் சமாச்சாரம். பார்க்கப் பரம சாது.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. நகரத்து மதுக்கடைகளில் பீர் குழாய்களைக் கழுவிச் சரிபார்ப்பது அவள் தொழில். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. வயது நாற்பது இருக்கும். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் யாரோ அவள் நம்பரைக் கொடுத்தார்கள்.

தணிகாசலத்துக்கு அறுபது. ஒரு கிடங்கில் இயந்திரங்களைப் பராமரிக்கிறவர். நட்டு போல்ட்டு உள்ள எதுவும் தன் பேச்சைத் தட்டாது என்று நம்பி வாழ்ந்துவிட்டார். தன்னைவிட இருபது வயது இளைய பெண்ணிடம் கைகட்டி நிற்பது அவருக்குக் கசந்தது. ஆனாலும் நின்றார்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

"நுரைக்குப் பதினேழு காரணம் இருக்கு. எல்லாம் தேடி எழுதிட்டேன். பதினேழையும் பாத்துட்டேன்."

அவள் வாசித்தாள். காஸ் அழுத்தம் அதிகம். காஸ் அழுத்தம் குறைவு. பீப்பாய் சூடு. ட்யூப் குட்டை. ட்யூப் மடிப்பு. வாஷர் தேய்வு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் சிவப்பு மையில் ஒரு டிக்.

"ஒண்ணு விட்டுப்போச்சே," என்றாள்.

"என்னது?"

அவள் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"யாருக்கு அண்ணாச்சி இந்த பீரு?"

"என் தம்பிக்கு. ஞானவேலு. மெட்ராஸ்லேர்ந்து வர்றான்."

"தம்பி வாராருன்னா கடையில ரெண்டு பாட்டில் வாங்கி வைக்க வேண்டியதுதான?"

"பாட்டில் ஆவாதும்மா. நானே ஊத்திக் குடுக்கணும்."

கதை கொஞ்சம் பழையது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் வியாசர்பாடியில் ஒரு கல்யாணம். தங்கை மகள் கல்யாணம். மண்டபத்துப் பின்வாசலில் ஞானவேல் ஒரு பீர் பாட்டிலோடு நின்றதைத் தணிகாசலம் பார்த்துவிட்டார். அண்ணன் இருக்கும் இடத்தில் தம்பி குடிப்பதாவது. கன்னத்தில் ஓர் அறை விட்டார். அறை வாங்கியவனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

"இனிமே உன் வீட்டுல கை நனைச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல," என்றான் ஞானவேல்.

இரண்டு பேருக்கும் ஒரே அப்பன் என்பதை அந்த நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கை நனைப்பதில்லை என்றால் சாப்பிடுவதில்லை. தண்ணீரும் குடிப்பதில்லை. அதற்குப் பிறகு தணிகாசலம் ஆஸ்திரேலியா வந்தார். வந்த இடத்தில், ஐம்பது வயதுவரை மூக்கால்கூடத் தொடாத பீரை, வாயால் தொட்டார். அது வேறு கதை. இப்போது ஞானவேலின் மகளுக்கு இந்த ஊரில் பட்டமளிப்பு விழா. அவன் வருகிறான். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் அண்ணன் வீட்டுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டு விமானம் ஏறுகிறான். சாப்பிட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

தணிகாசலம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சபதத்தில் சோறு வருகிறது, தண்ணீர் வருகிறது. பீர் வரவில்லை. அறைந்த கையாலேயே ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினால் அவன் புரிந்துகொள்வான். குளிர்ந்த கிளாஸ் வேர்க்கும். வேர்த்தால் கை நனைந்துதான் ஆகவேண்டும். தம்பி தன்னை அறியாமல் சபதத்தை முறித்துவிடுவான்.

கல்யாணத்தில் நடந்ததோடு சேர்த்து இதையும் அவர் ஜெசிந்தாவிடம் சொன்னார், கொஞ்சம் பெருமையாக.

"கல்யாணத்துல அடிச்சத யாரெல்லாம் பாத்தா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நாலு பேர் பாத்தாங்க."

அவள் ஒரு கிளாஸ் கேட்டாள். தணிகாசலம் பிடித்துக் கொடுத்தார். முக்கால் கிளாஸ் வெள்ளை நுரை, அடியில் இரண்டு விரல் பீர். அவள் குடிக்கவில்லை. முகர்ந்தாள்.

"கடைசியா எப்பக் கழுவுனீங்க?"

"எதை?"

"ட்யூப்பை. குழாயை."

"அதுக்குள்ள பீர்தானம்மா ஓடுது? அதை எதுக்குக் கழுவணும்?"

"பால் சட்டியில பால்தான காய்ச்சுதோம்?"

அவள் குழாயைக் கழற்றி, உள்ளே சுண்டுவிரலை விட்டு எடுத்தாள். பழுப்பாக வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். தணிகாசலத்துக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாள் இதைத்தான் குடித்திருக்கிறார்.

ஒரு டப்பா பொடி கொடுத்தாள்.

"வெந்நியில கரைச்சு ஓட விடுங்க. கால் மணி நேரம் உள்ள நிக்கட்டும். பெறகு பச்சத் தண்ணி விட்டு, பொடி வாடை சுத்தமாப் போற வரைக்கும் அலசுங்க. கையில உறை போட்டுக்கோங்க, தோலை அரிச்சிரும். அடுத்த செவ்வாய் வாரேன்."

"நுரை?"

"அடுத்த செவ்வாய் வாரேன்."

தணிகாசலம் கழுவினார். ஒரு முறை சொன்னதை மூன்று முறை செய்தார். குழாயைப் பிரித்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தார். அவர் மனைவி மங்கை கராஜ் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுல ஒரு டம்ளர் கழுவினதில்ல," என்றாள். போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய் ஜெசிந்தா வந்தாள்.

"கழுவிட்டேன். மூணு தடவை. நுரை போகல," என்றார் தணிகாசலம். குரலில் கோபம் இருந்தது.

"நுரை போவும்னு நான் எப்பச் சொன்னேன்? வாடை போறதுக்குக் கழுவச் சொன்னேன்."

"இன்னும் அஞ்சு நாள்தாம்மா இருக்கு."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க, அண்ணாச்சி."

வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லையே என்று வெட்கப்பட்டு அவர் சமையலறைக்கு நடந்தார். அவள் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றாள்.

அவர் குழாயைத் திறந்தார். ஊசிநூல் கனத்தில் தண்ணீர் இறங்கியது. கிளாஸ் நிறைய வெகுநேரம் ஆயிற்று. அவர் பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குழாயில தண்ணி வராதோ?"

"நல்லா வருமே. நான்தான் கம்மியாத் திறந்தேன்." அவர் கிளாஸைக் கொடுத்தார். "வியாசர்பாடியில வளந்தவன்மா நான். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். எவனாவது முழுசாத் திறந்தான்னா அன்னிக்குத் தெருவே அவன் வீட்டு வாசல்ல நிக்கும். கை அப்படியே பழகிப்போச்சு. இங்க வந்து பத்து வருஷம் ஆச்சு, ஒரு குழாயைக்கூட நான் முழுசாத் திறந்தது இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் முதுகு சற்று நிமிர்ந்தது.

அவள் தண்ணீரைக் குடித்தாள்.

"வாங்க. பீர் ஊத்துங்க."

கராஜில் அவர் கிளாஸைச் சாய்த்துப் பிடித்தார். கைப்பிடியை மெல்ல, ஓர் அங்குலம் இழுத்தார். புஸ்ஸென்று நுரை வந்தது.

ஜெசிந்தா பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். அவர் விரல்கள் கைப்பிடியிலேயே இருக்க, அதன் தலையில் ஸ்பேனரை வைத்து ஒரே இழுப்பாகக் கடைசிவரை இழுத்தாள்.

பீர் வந்தது. சத்தமில்லாமல், தெளிவாக, பொன் நிறத்தில் வந்தது.

தணிகாசலம் பதறிப் போனார்.

"வீணாப் போவுதும்மா."

"எது?"

அவள் கண் தரையில் இருந்த வாளிக்குப் போனது. வாரக்கணக்கில் அவர் சொட்டுச் சொட்டாகத் திறந்து, நுரையாகப் பிடித்து, கொட்டிய பீர் அதில் நிறைந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளாஸ் வழிந்து சட்டைக் கை நனைந்த பிறகுதான் குழாயை மூடத் தோன்றியது.

"பாதி திறந்தா என்னம்மா ஆவுது?"

"சின்ன இடுக்கு வழியாப் பிதுங்கிட்டு வருதுல்லா, அப்ப உள்ள இருக்க காஸு பிரிஞ்சிரும். மிஞ்சுதது நுரை."

"என் பதினேழுல இது இல்லையே."

"உங்க நோட்டுல ஃபிரிட்ஜு இருக்கு, சிலிண்டரு இருக்கு, வாஷரு இருக்கு. ஊத்துத ஆளு இல்ல."

அவள் பையை மூடினாள். அவர் வாசல்வரை கூடவே வந்தார்.

"கை கேக்குமாம்மா? அறுபது வருஷத்துக் கை."

"பீர்ல பழகாதீங்க. காலிப் பீப்பாயில தண்ணி ஊத்தி மாட்டுங்க. தண்ணியில பழகுங்க."

அது அவருக்கு இன்னும் பெரிய தண்டனையாக இருந்தது. பீரைக் கொட்டினாலும் கொட்டிவிடுவார், தண்ணீரைக் கொட்ட மனம் வராது. முதல் நாள் கைப்பிடியை முழுக்க இழுக்கும்போதெல்லாம் யாரோ தெருவிலிருந்து திட்டுவதுபோல் காது கூசியது. வந்த தண்ணீரை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு விட்டார். செடி மூச்சுத் திணறியது. புதன், வியாழன், வெள்ளி. சனிக்கிழமை காலையில் கை தானாக இழுத்தது. சாயங்காலம் பீரை மாட்டினார். கிளாஸைச் சாய்த்தார், இழுத்தார், நிமிர்த்தினார், மூடினார். மேலே இரண்டு விரல் கனத்துக்கு மட்டும் வெள்ளை. தணிகாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு இயந்திரத்தைச் சரிசெய்து இவ்வளவு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை.

ஞாயிறு வந்தது. ஞானவேலும் வந்தான்.

தலை நரைத்திருந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். மங்கை தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இப்பத்தான் குடிச்சேன், அண்ணி."

"மதிய நேரம் ஆவுதே. சாப்பாடு..."

"வரும்போதே சாப்ட்டேன், அண்ணி."

மங்கை தம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. அவள் மூன்று பேருக்கு வைத்திருந்தாள்.

"வாடா, ஒண்ணு காட்றேன்," என்று தணிகாசலம் தம்பியைக் கராஜுக்குக் கூட்டிப் போனார்.

கிளாஸை எடுத்தார். ஒரே இழுப்பு. பீர் தெளிந்து இறங்கியது. இரண்டு விரல் நுரை. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. கிளாஸின் வெளிப்பக்கம் உடனே வேர்த்தது.

அதைத் தம்பியிடம் நீட்டினார்.

ஞானவேல் கிளாஸைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"நான் விட்டுட்டேண்ணா."

"எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து."

தணிகாசலம் நீட்டிய கையை மடக்கவில்லை. எங்கே மடக்குவது என்று தெரியவில்லை. கடைசியில் கிளாஸை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. சொன்னார்.

"அன்னிக்கு நடந்ததுல உன் மேலயும் தப்பு இருக்கு, என் மேலயும் தப்பு இருக்கு. கல்யாண வீடு, ஆயிரம் டென்ஷன். நீயும் அங்க நின்னிருக்கக் கூடாது, நானும் கை நீட்டியிருக்கக் கூடாது. சரி, போனது போவட்டும்."

"ம்," என்றான் ஞானவேல்.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"டாக்சி சொல்லிரட்டுமாண்ணா? ஏர்போர்ட்டுல கூட்டமா இருக்கும்."

"இரு. ஒரு நிமிஷம் இரு."

தணிகாசலம் கொல்லைப்பக்கம் போய் ஜெசிந்தாவுக்கு போன் போட்டார்.

"ஊத்தினேன்மா. ஒரு குறை சொல்ல முடியாது. அவன் தொடல. விட்டுட்டானாம். அன்னிக்கே விட்டுட்டானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அவர் நேர்மையான மனிதர்.

"அதுல உங்க தப்பு எவ்வளவு, அண்ணாச்சி?"

"பாதி."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

"அம்மா? ஹலோ?"

லைன் போயிருந்தது. சிக்னல் கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டார். மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டார். எடுக்கவில்லை.

தணிகாசலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே தம்பி போனில் டாக்சிக்காரனிடம் தெருப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"பாதி," என்று தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

பிறகு விறுவிறுவென்று கராஜுக்குள் போனார்.

"ஞானவேலு."

அவன் திரும்பினான்.

"உன் பொண்ணு எதிர்க்க நின்னுட்டிருந்தா. பத்து வயசுப் பொண்ணு. கையில ஐஸ்கிரீம் வச்சிருந்தா. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் உன்னை அடிச்சேன். நீ ஒரு தப்பும் பண்ணல. பின்வாசல்ல, மறைவா, மரியாதையாத்தான் நின்ன. நான்தான் தேடி வந்து அடிச்சேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னை மதிக்கல, அந்த ஆத்திரம். அதை உன் கன்னத்துல காட்டினேன். அடுத்த வருஷமே இங்க வந்து நானே குடிக்க ஆரம்பிச்சேன். அப்பகூட உனக்கு ஒரு போன் போடல. தப்பு என்னுதுடா. முழுக்க என்னுது."

மூச்சு வாங்கியது. இன்னும் ஏதோ நாக்கு நுனிவரை வந்தது, கல்யாண வீடு என்பதுபோல் ஏதோ. அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

ஞானவேல் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது.

ஞானவேல் தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணி என்ன குழம்பு வச்சிருக்காங்க?" என்றான்.

"மீன்."

"கை கழுவ எங்கண்ணா போவணும்?"